கொரியன் இலக்கணம் குழப்புதோ? எங்கட பேச்சுத் தமிழைக் கேளுங்கோ

யாழ்ப்பாணத்திலை இப்ப கொரியன் படிக்கிற ஆக்கள் ரெண்டு வகை. ஒண்டு இபிஎஸ் (வெளிநாட்டு ஆக்களை வேலைக்கு எடுக்கிற கொரியத் திட்டம்) பரீட்சை எடுத்து தொழிற்சாலை வேலைக்குப் போக நிக்கிற பெடியள், 2004இலை கொரியா அந்தத் திட்டத்தைத் தொடங்கின காலத்திலை இருந்தே இலங்கையிலை இருந்து ஆக்கள் போய்க்கொண்டுதான் இருக்கினம். மற்றது கொரியன் நாடகம் பாத்துப் பாத்து, சப்டைட்டில் இல்லாமப் பாக்கோணும் எண்டு இறங்கின என்னை மாதிரி ஆக்கள். ரெண்டு கோஷ்டியும் வந்து முட்டுப்பட்டு நிக்கிறது ஒரே இடத்திலைதான். எழுத்து கெதியாப் பிடிபட்டிடும், அது செஜோங் ராசா 1443இலை உருவாக்கி 1446இலை வெளியிட்ட எழுத்து, சாதாரண சனம் சுகமாப் படிக்கோணும் எண்டே செய்தது. இலக்கணம் தொடங்கினவுடனை எல்லாரும் தலையிலை கை வைப்பினம்.

என்ர சித்தியின்ர மகன் இபிஎஸ்ஸுக்குப் படிக்கிறான், அவன்ர கொப்பியைக் கொண்டுவந்து "அக்கா, இந்த நுன்னும் காவும் என்ன கோதாரி, ரெண்டும் ஒண்டு எண்டுதான் எனக்குப் படுது" எண்டு கேட்டான். கொப்பியை வாங்கிப் பாத்தா முழுக்க இங்கிலிஷ் விளக்கம், ரொப்பிக் மார்க்கர், சப்ஜெக்ட் மார்க்கர், லொக்கேசன் பார்ட்டிக்கிள் எண்டு, இடைக்கிடை சிங்களத்திலை குறிப்பு. தமிழிலை யோசிக்கிற பெடியன் இங்கிலிஷுக்குள்ளாலை சுத்திக் கொரியனுக்குப் போறான், பிறகு குழம்பாமல் என்ன செய்வான்?

இங்கிலிஷிலை வினை நடுவிலை, கொரியனிலை எங்களைப் போல கடைசியிலை. இங்கிலிஷிலை உருபு சொல்லுக்கு முன்னாலை நிக்கும், கொரியனிலை எங்கட வேற்றுமை உருபு மாதிரி பின்னாலை ஒட்டும். "நான் நேற்று சந்தையிலை வாங்கின மீன்" எண்டதை சொல்லுக்குச் சொல் அதே ஒழுங்கிலை கொரியனாக்கலாம், இங்கிலிஷ்காரன் தலைகீழாப் பிரட்ட வேண்டி வரும். ஆனா ஒரு நிபந்தனை, பத்திரிகைத் தமிழ் இல்லை, நாங்கள் வீட்டிலை கதைக்கிற தமிழ்தான் இதுக்கு உதவும்.

உடனை "தமிழும் கொரியனும் ஒரே தாய்ப் பிள்ளையள்" எண்டு வட்ஸ்அப்பிலை சுத்துற லிஸ்ட்டைத் தூக்கிக்கொண்டு வராதேங்கோ. ஹோமர் ஹல்பர்ட் எண்ட அமெரிக்கர் 1905இலையே கொரியன் இலக்கணத்தையும் திராவிட மொழியளின்ர இலக்கணத்தையும் ஒப்பிட்டுப் புத்தகம் போட்டவர், ஆனா மொழியியல்காரர் அந்த உறவை ஏற்கேல்லை. அப்பா அம்மா மாதிரிச் சொல்லுகள் உலகத்திலை எத்தினையோ பாஷையிலை இருக்கு, குழந்தையளின்ர வாய்க்கு வாற சத்தம் அதுகள்தானே. சிங்களத்திலை, ஜப்பானிலை, துருக்கியிலையும் வினை கடைசியிலைதான். அமைப்பு ஒத்துப்போகுது, படிக்க எனக்கு அது காணும்.

தமிழ் எழுத்திலை கொரியனை எழுதிறது அரைகுறைதான். இதிலை 'ஓ' எண்டு எழுதினது கொரியன் ஓ, 'ஒ' எண்டு எழுதினது அவையின்ர மற்ற ஒ, அகரத்துக்கும் ஓகாரத்துக்கும் நடுவிலை நிக்கிற சத்தம். 'நுன்' எண்டதிலை வாற உகரம் ஆடு, மாடு எண்டு சொல்லேக்கை கடைசியிலை வாற குற்றியலுகரம், வாயைக் குவிக்காமச் சொல்லோணும். அதைப் பழக இங்கிலிஷ்காரர் படுற பாடு எங்களுக்குத் தேவையில்லை.

சரி, தம்பியின்ர கேள்விக்கு வருவம். நுன் (மெய்யெழுத்துக்குப் பிறகு உன்), கா (மெய்யெழுத்துக்குப் பிறகு இ). தமிழிலை எழுவாய்க்கு உருபே இல்லை, அதாலை ரெண்டுக்கும் நேர்ச்சொல் தேடி அலையிறதிலை பிரயோசனம் இல்லை. நான் அவனுக்குச் சொன்னது வேற வழி. அந்தச் சொல்லுக்குப் பக்கத்திலை மனசுக்குள்ளை 'எண்டால்' போட்டுப் பார், பிறகு 'தான்' போட்டுப் பார். "மீன் எண்டால் சாப்பிடுவன், இறைச்சி எண்டால் சாப்பிடன்", இங்கை ரெண்டுக்கும் நுன் வகை. "ஆர் இதைச் செய்தது?" "நான்தான் செய்தனான்", இங்கை கா, அதாவது "நுகா ஹெஸ்ஸொயோ?" எண்டு கேட்டால் "ஜேகா ஹெஸ்ஸொயோ". "ஜொநுன் ஹெஸ்ஸொயோ" எண்டு சொன்னியள் எண்டால் "நான் எண்டால் செய்தனான், மற்றவையைப் பற்றித் தெரியாது" எண்ட மாதிரி ஒரு வாடை அடிக்கும். எங்கட 'செய்தன்'னுக்கும் 'செய்தனான்'னுக்கும் உள்ள வித்தியாசத்தை யாழ்ப்பாணத்தான் ஒருத்தனும் இலக்கணமாப் படிச்சதில்லை, ஆனா எந்த இடத்திலை எது வரும் எண்டு எல்லாருக்கும் தெரியும் எல்லே, நுன்னும் காவும் கொரியன்காரருக்கு அப்பிடித்தான்.

தான், எண்டால் ரெண்டும் பொருந்தாத இடமும் இருக்கு. ஜன்னலாலை பாத்து "மழை பெய்யுது" எண்டுறம், "பஸ் வருது" எண்டுறம். புதுசா ஒரு விசயம் கண்ணிலை படுது, அவ்வளவுதான். அதுக்குக் கா, "பிகா வாயோ". அந்த இடத்திலை "பிநுன் வாயோ" எண்டால் "மழை எண்டால் பெய்யுது, ஆனா..." எண்டு கேக்கிறவர் அடுத்த வசனத்துக்குக் காத்துக்கொண்டு நிப்பார். இன்னொண்டு, "நான் வாங்கின புத்தகம்" மாதிரி பெயரெச்சத்துக்குள்ளை வாற எழுவாய்க்கு எப்பவும் கா தான், நுன் வராது. இது ஒண்டைப் பிடிச்சு வைச்சாலே வாசிப்புப் பகுதியிலை கன நீட்டு வசனங்கள் தன்பாட்டிலை அவிழும், ஏனெண்டால் நுன் எங்கை நிக்குதோ அதின்ர வினை கடைசியிலைதான் இருக்கும், நடுவிலை வாற காவின்ர வினை பக்கத்திலையே இருக்கும்.

பிடிக்கும் எண்ட விசயமும் இதோடை சேர்ந்தது. "புட்டு பிடிக்கும்" எண்டு சொல்லேக்கை புட்டுக்கு ஐ போடமாட்டம், "புட்டை விரும்புறன்" எண்டு சொல்லேக்கை போடுவம். கொரியனிலையும் அச்சொட்டா அதேதான், ஜோதா எண்டால் கா, ஜோவாஹதா எண்டால் ருல், ருல் எண்டது எங்கட ஐ. வித்தியாசம் என்னெண்டால் நாங்கள் 'எனக்கு' எண்டு தொடங்குவம், அவை 'ஜொநுன்' எண்டு நுன்னோடை தொடங்குவினம்.

காரணம் சொல்லுற ரெண்டு விகுதியளிலை, அசொவும் நிக்காவும், பரீட்சைக்காரர் நல்லா விளையாடுவினம். அசொ எங்கட வினையெச்சம். நிக்கா எங்கட 'படியால்'. "மழை பெய்து ரோட்டெல்லாம் வெள்ளம்" எண்டு சொல்லலாம், "மழை பெய்து குடையைக் கொண்டுபோ" எண்டு சொல்லுவியளோ? சொல்லமாட்டியள், "மழை பெய்யிறபடியால் குடையைக் கொண்டுபோ" எண்டுதான் வாயிலை வரும். கொரியனிலையும் காரணம் சொல்லி ஏவுறதெண்டால், "செய்வமோ" எண்டு கூப்பிடுறதெண்டால் அசொ வராது, நிக்கா தான். அடுத்த விதி, அசொவுக்கு முன்னாலை இறந்தகால விகுதி வராது, நிக்காவுக்கு முன்னாலை வரும். இதையும் பாடமாக்க வேண்டாம், வினையெச்சத்துக்கு நாங்கள் காலத்தை மாத்துறதில்லையே, கடைசி வினைதான் காலத்தைச் சொல்லும், ஆனா படியாலுக்கு முன்னாலை பெய்தபடியால், பெய்யிறபடியால் எண்டு ரெண்டும் வரும். "இஞ்சை வந்து இருங்கோ" எண்டதிலை காரணம் ஒண்டுமில்லை, ஒண்டுக்குப் பிறகு ஒண்டு, அதாலை கட்டளை வந்தாலும் அசொ சரி. அதுவும் தமிழோடை ஒத்துப்போகுது.

ஆனா எங்கட தமிழ் கவிழ்க்கிற இடம் மன்னிப்பும் நன்றியும். "பிந்தி வந்தபடியால் மன்னிச்சுக்கொள்ளுங்கோ" எண்டு எங்களுக்கு வரும், அதை அப்பிடியே நிக்கா போட்டுச் சொன்னால் பிழை, "நுஜொசொ மியான்ஹேயோ" எண்டு அசொ தான். முதல் முதல் சந்திக்கேக்கை சொல்லுற "மன்னாசொ பன்கப்ஸும்நிதா"விலையும் (சந்திச்சதிலை சந்தோசம்) அதே அசொ. நிக்கா போட்டால் பிந்தினதுக்கு நியாயம் கதைக்கிற மாதிரி இருக்கும்.

கோ எண்டு வினையோடை வினையை இணைக்கிற இன்னொரு விகுதி இருக்கு. அசொவுக்கும் கோவுக்கும் உள்ள வித்தியாசத்தை இங்கிலிஷிலை ஒரு பக்கத்துக்கு எழுதி இருப்பினம், எங்களுக்கு ஒரு 'போட்டு' காணும். "சிநேகிதியைச் சந்திச்சு படம் பாத்தன்" எண்டால் ரெண்டு பேரும் சேந்து பாத்தது, மன்னாசொ. "சிநேகிதியைச் சந்திச்சுப்போட்டு படம் பாத்தன்" எண்டால் அவளை அனுப்பிப்போட்டு நான் வேறையாப் பாத்தது, மன்னாகோ. இது சொன்னவுடனை தம்பி "இவ்வளவுதானோ" எண்டான். இவ்வளவுதான், பஸ்ஸிலை ஏறுறதையும் உடுப்புப் போடுறதையும் தவிர. "பஸ்ஸிலை ஏறிப் போறன்" எண்டதுக்கு தாசொ வராது, "பொஸுருல் தாகோ காயோ". போட்டிருக்கிற உடுப்பு, கண்ணாடி, ஏறின வாகனம் இதுகள் எல்லாம் கோ பக்கம். இதைப் பாடமாக்கத்தான் வேணும்.

இதே சங்கதி 'இருக்கு'விலையும் வரும். கதிரையிலை இருக்கிற ஆளை கொரியன்காரர் "அன்ஜா இஸ்ஸொயோ" எண்டுவினம், உக்காந்து இருக்கு எண்ட மாதிரி, முடிஞ்சு அப்பிடியே நிக்கிற நிலை. கோ இஸ்ஸொயோ எண்டால் எங்கட 'கொண்டிருக்கு', நடந்துகொண்டிருக்கிற வேலை. அருமையாப் பொருந்துது எல்லே, ஆனா "கண்ணாடி போட்டிருக்கிறார்" எண்ட மாதிரி இடத்துக்கும் கோ இஸ்ஸொயோ, கண்ணாடியை இப்பதான் போட்டுக்கொண்டிருக்கிறாரோ, முதலே போட்டிட்டு நிக்கிறாரோ எண்டது இடத்தைப் பாத்து விளங்கிக்கொள்ள வேண்டியது. "சாப்பிட்டுப் பாருங்கோ" எண்டதிலை வாற 'பார்' அப்பிடியே போதா, பாக்கிறது எண்ட அதே வினை, "மொகொ போசேயோ". "போய்விட்டுது"விலை வாற 'விடு' மாதிரி பொரிதா இருக்கு, தனிய வந்தால் எறியிறது, வினையெச்சத்தோடை வந்தால் கையை விட்டுப் போன கவலை.

எனக்கு இதுகள் எல்லாத்தையும் விட ருசியான இடம் எண்டால் பிறர் சொன்னதைத் திருப்பிச் சொல்லுறது. தாகோ, ந்யாகோ, ஜாகோ, ராகோ எண்டு நாலு, ஒவ்வொண்டுக்கும் ஒரு அட்டவணை, சேதி, கேள்வி, அழைப்பு, கட்டளை எண்டு. நான் அந்த அட்டவணையை சுவரிலை ஒட்டி வைச்சிருந்தும் தலைக்குள்ளை ஏறேல்லை. பிறகு பாத்தா நாலிலையும் கடைசியிலை நிக்கிறது ஒரே கோ, அந்தக் கோ தான் எங்கட 'எண்டு'. தா, ந்யா, ஜா, ரா எண்டது மரியாதை விகுதி எல்லாத்தையும் கழட்டிப்போட்டு வெறும் வசனம் முடியிற முடிவுகள். "வருது எண்டு", "வருதோ எண்டு", "போவம் எண்டு", "போ எண்டு". நாங்களும் நாலு விதமா முடிச்சுப்போட்டுத்தான் எண்டு போடுறம், அதை ஆரும் எங்களுக்கு நாலு இலக்கணமாப் படிப்பிக்கேல்லை. அதோடை ஆளுக்கு ஆள் வினை மாறாது, அவர் 'வாறன் எண்டு' சொன்னாலும் அவை 'வாறார் எண்டு' சொன்னாலும் கொரியனிலை ஒரே ஓந்தாகோ, எங்களைவிட அவைக்குச் சுகம்.

இதிலை ஒரு விதிவிலக்கு இருக்கு, 'தரச்சொல்லுறது'. ஜுதா எண்டால் குடுக்கிறது, அதாலை "குடுக்கச் சொன்னவர்" எண்டது ஜுராகோ. ஆனா கேட்டவர் தனக்கே தரச்சொல்லிக் கேட்டிருந்தால் ஜுராகோ வராது, தல்லாகோ எண்டு வேற வினை வரும். இங்கிலிஷ் விளக்கம் வாசிச்சால் விசர் பிடிக்கும், இங்கிலிஷிலை ரெண்டுக்கும் ஒரே சொல் எண்டபடியால் அவை "பேசுபவருக்கு நன்மை வந்தால், மூன்றாம் ஆளுக்குப் போனால்" எண்டு படம் கீறி அம்புக்குறி போட்டு விளக்குவினம். எங்களுக்கு ஏன் அம்புக்குறி, தா வேறை, குடு வேறை எண்டு தமிழ்ப் பிள்ளைக்குத் தெரியாதோ? எனக்குத் தா, அவனுக்குக் குடு. 'எனக்குக் குடு' எண்டு சொல்லுற ஆக்கள் இல்லாமல் இல்லை, ஆனா தருசொல் தன்மைக்கும் முன்னிலைக்கும், கொடைச்சொல் படர்க்கைக்கு எண்டு தொல்காப்பியமே பிரிச்சு வைச்சிருக்கு. கவனிக்க வேண்டியது ஒண்டுதான், நேருக்கு நேர் கேக்கேக்கை "தாங்கோ" எண்டதுக்கும் ஜுசேயோ தான், திருப்பிச் சொல்லேக்கைதான் தல்லாகோவா மாறும்.

இல்லை எண்ட சொல்லிலை எங்கட ஆக்கள் எல்லாரும் சறுக்குவினம். "நான் மாணவன் இல்லை" எண்டதிலையும் "இங்கை மாணவன் இல்லை" எண்டதிலையும் பேச்சிலை ஒரே இல்லைதான். பள்ளிக்கூடத்திலை அல்ல வேறை, இல்லை வேறை எண்டு படிச்சது, அதை இப்ப தூசி தட்டுங்கோ. அல்ல எண்டால் அநியேயோ, இல்லை எண்டால் ஒப்ஸொயோ. "ஜொநுன் ஹக்ஸெங்இ ஒப்ஸொயோ" எண்டு சொன்னால் என்னட்டை மாணவர் ஒருத்தரும் இல்லை எண்டு ரியூசன் வாத்தியார் கவலைப்படுற மாதிரிப் போயிடும். மற்றப் பக்கம், செய்யாததுக்கும் செய்ய ஏலாததுக்கும் எங்களுக்குக் குழப்பமே வராது, "போகேல்லை" அன், "போக ஏலேல்லை" மோத். 'உம்'மும் அப்பிடித்தான், தோ எண்டு ஒண்டு இருக்கு, நானும் எண்டால் நாதோ, வந்தாலும் எண்டால் வாதோ, ஒண்டும் இல்லை எண்டால் ஹனாதோ ஒப்ஸொயோ. உம் வாற இடம் கனத்திலை கண்ணை மூடிக்கொண்டு தோ போடலாம்.

'இலை'க்கு மட்டும் தமிழ் உதவாது, சொல்லிப்போடுறன். "யாழ்ப்பாணத்திலை இருக்கிறன்" எண்டதுக்கு ஏ, "யாழ்ப்பாணத்திலை வேலை செய்யிறன்" எண்டதுக்கு ஏசொ. அந்த இடத்திலை ஒரு வேலை நடக்குதோ, இல்லாட்டி சும்மா இருக்கோ எண்டு பாக்கோணும்.

மரியாதை விசயத்திலை கொரியனுக்கு ரெண்டு தனித்தனிக் கயிறு, ஆரைப் பற்றிக் கதைக்கிறம் எண்டது ஒண்டு, ஆரோடை கதைக்கிறம் எண்டது மற்றது. முதலாவதுக்கு வினைக்குள்ளை சி, ரெண்டாவதுக்குக் கடைசியிலை யோ, இன்னும் பணிவெண்டால் நிதா. "டேய், அம்மம்மா வாறாடா" எண்டு தம்பிக்குச் சொல்லுறம், வாறாள் எண்டு சொல்லேல்லை, வாறா எண்டு மரியாதையாச் சொல்லுறம், ஆனா கேக்கிறவனுக்கு டா போடுறம். கொரியனிலை அது "ஹல்மொநி ஓஷொ", சி இருக்கு, யோ இல்லை. "அம்மா, தம்பி வாறான்" எண்டு மரியாதையாச் சொன்னால் யோ இருக்கும், சி இருக்காது, "தோங்செங்இ வாயோ". தன்னைப் பற்றிச் சொல்லேக்கை சி போடவே கூடாது. சோல் பக்கத்துக் கடையளிலை வேலை செய்யிற பிள்ளையள் வாடிக்கையாளருக்குப் பயந்து கோப்பிக்கும் சி போடுவினம், "கோப்பி வந்திருக்கிறா" எண்ட மாதிரி, அதைக் கொரியன்காரரே பகிடி பண்ணுவினம். எங்கட 'நீர்' மாதிரி நடுவிலை ஒண்டும் அங்கை இருக்கு, மாமனார் மருமகனை "ஜானே" எண்டு கூப்பிடுற தோரணை, "வாரும், இரும்" எண்டு எங்கட பெரியாக்கள் சொல்லுற மாதிரித்தான். நாடகத்திலை கேட்டால் விளங்கிக்கொண்டால் காணும், நீங்கள் கதைக்கப் போகாதேங்கோ.

வினையள் உருமாறுறதுக்குக் கன பேர் அழுவினம். துத்தா எண்டால் கேக்கிறது, அது துரொயோ எண்டு மாறும். அட, கேள் எப்பிடிக் கேட்டு ஆச்சுது? எங்கட ள் ட் ஆகுது, அவையின்ர த் ர் ஆகுது, மற்றப் பக்கமா. முத்தா எண்டு ரெண்டு வினை இருக்கு, கேள்வி கேக்கிறது முரொயோ எண்டு மாறும், புதைக்கிறது முதொயோ எண்டு மாறாமலே நிக்கும், இதுக்கு விதி தேடாமல் வசனமாப் படியுங்கோ.

எண்ணிக்கை பற்றி நீட்ட விரும்பேல்லை. கொரியன் எண் ஒரு வரிசை, சீனத்திலை இருந்து வந்த எண் இன்னொரு வரிசை, மணி முதல் வரிசையிலை, நிமிசம் ரெண்டாவதிலை, மூண்டரை எண்டு சொல்ல "சே ஷி சம்ஷிப் புன்". ஆறாம் மாசமும் பத்தாம் மாசமும் யுவொல், ஷிவொல் எண்டு ஒரு மெய்யைத் தின்னும். கேக்கிற பகுதியிலை நேரம் கேட்டுக் கேள்வி வந்தால், மணியையும் நிமிசத்தையும் மனசுக்குள்ளை தமிழாக்கிக்கொண்டு நிக்காமல் கேட்ட சத்தத்தோடையே விடையைப் பாக்கப் பழகச் சொல்லித் தம்பிக்குச் சொல்லியிருக்கிறன், இந்த ஒரு விசயத்துக்கு மட்டும் தமிழ் இடையிலை வரவேண்டாம்.